முதல் செமி ஆட்டோமேட்டிக் வேட்டைத் துப்பாக்கி: பழக்குவது எப்படி, எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது?

புதுக்குறி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கியுடன் (குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டை ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இயக்குவது) வேட்டைக்குச் சென்று வந்த நான், வரும் பருவத்திற்காக முதன்முறையாக, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி ஒன்றை உரிமத்துடன் வாங்கியிருக்கிறேன். அது .308 வின்செஸ்டர் தோட்டாவைச் சுடுவது, வாயு பிஸ்டனால் இயங்குவது, 56 சென்டிமீட்டர் குழலும் வால்நட் மரக் கட்டையும் கொண்டது. அதிலிருந்து இன்னும் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது, புதிய குழலை ஒவ்வொரு சூட்டுக்கும் ஒருமுறை துடைத்துத் துடைத்துப் பழக்க வேண்டும் என்று சிலரும், அது வீண் வேலை என்று சிலரும் சொல்வதில் எதை ஏற்பது என்பது. இரண்டாவது, நான் எழுதி வைத்திருக்கும் மேம்பாட்டுப் பட்டியல்: இலகுவான டிரிகர், மசில் பிரேக் (உதைப்பைக் குறைக்கக் குழல்வாயில் பொருத்துவது), 4-16x50 ஸ்கோப் (4 முதல் 16 மடங்கு பெரிதாக்குவது, 50 மில்லிமீட்டர் முன்வில்லை கொண்டது), பாலிமர் கட்டை, பெரிய சார்ஜிங் கைப்பிடி (போல்ட்டைப் பின்னிழுக்கும் பிடி). இவற்றை எந்த வரிசையில் செய்வது நல்லது?

மேசைவிளக்கு

வாழ்த்துகள், நண்பரே. துப்பாக்கிப் பழுதுபார்ப்பில் முப்பது ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, முதல் இருநூறு தோட்டாக்களுக்கு அந்தத் துப்பாக்கியில் எதையும் மாற்றாதீர்கள். இயல்பாக அது எப்படி இயங்குகிறது என்பதை அறியும் முன்னரே பாகங்களை மாற்றியவர்களின் துப்பாக்கிகள்தாம் என் மேசைக்கு மிகுதியாக வந்தன. கோளாறு எங்கிருந்து தொடங்கியது என்பதை அவர்களாலும் சொல்ல இயலவில்லை, பல நேரங்களில் என்னாலும் எளிதில் கண்டுபிடிக்க இயலவில்லை.

பழக்குதல் என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று குழலைப் பற்றியது, மற்றொன்று இயக்கத்தைப் பற்றியது. போல்ட் ஆக்‌ஷனில் இரண்டாவதற்குப் பெரிய இடமில்லை, ஏனெனில் அங்கே உங்கள் கைதான் எந்திரம். செமி ஆட்டோமேட்டிக்கில் சுட்ட வாயுவின் ஒரு சிறு பங்கு குழலிலுள்ள துளை வழியாக இறங்கிப் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன், போல்ட்டைச் சுமக்கும் பாகமான போல்ட் கேரியரைப் பின்னுக்குத் தள்ள, போல்ட் சுழன்று திறந்து, காலி உறையை இழுத்து வெளியே எறிந்து, சுருளின் விசையால் திரும்பி வந்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு தேய்பரப்பும் புதிதாக இருக்கும்போது உராய்வு மிகுதி, சுருளும் மிக விறைப்பாக இருக்கும். ஆகவே முதல் நூறு தோட்டாக்களுக்குள் ஓரிரு தடங்கல்கள் வந்தால் அஞ்ச வேண்டாம். இருநூறைத் தாண்டியும் தொடர்ந்தால் அது பழக்கமின்மை அல்ல, பழுது.

சுடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது உட்பகுதியில் பூசப்பட்டிருப்பது பெரும்பாலும் துருத்தடுப்பு எண்ணெயே தவிர உயவு எண்ணெய் அல்ல. துப்பாக்கி காலியாக உள்ளதா என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தபின், கையேட்டின்படி பிரித்து, குழலையும் சேம்பரையும் (தோட்டா அமரும் அறை) உலரத் துடைத்து, போல்ட் ஓடும் தடங்களில் மட்டும் மெல்லிய எண்ணெய்ப் படலம் இடுங்கள். சேம்பர் உலர்ந்திருக்க வேண்டும். சுடும்போது உறை விரிந்து சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்வது போல்ட்டின் மீது விழும் விசையைக் குறைக்கிறது. அங்கே எண்ணெய் இருந்தால் அந்தப் பிடிப்பு குறைந்து, முழுச் சுமையும் போல்ட்டுக்குப் போகும்.

குழலைப் பொறுத்தவரை, ஒரு சூடு ஒரு துடைப்பு என்ற முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. பல செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளைப் பின்பக்கத்திலிருந்து துடைக்க வழியில்லாததால், துடைப்புக் கம்பியை முன்வாயிலிருந்துதான் செலுத்த வேண்டியிருக்கிறது. அந்த வாயின் விளிம்பில் கம்பி உரசி ஒரு சிறு தேய்மானம் ஏற்பட்டாலும் குண்டு வெளியேறும் கணத்தில் வாயு ஒரு பக்கமாகச் சீறி, குறி சிதறும். பழக்குகிறேன் என்று இருபது முறை கம்பியைச் செலுத்துகிறவர், பெறுவதைவிட இழப்பதே மிகுதி.

அளவுகோல்

மேசைவிளக்கு ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் குழல் பழக்குதலை முற்றிலும் தள்ளிவிட முடியாது என்று கருதுகிறேன். குழலுக்குள் குண்டைச் சுழற்றும் வரிக்கோடுகள் தொடங்கும் இடத்தில், சேம்பர் கடைந்த கருவியின் நுண்கீறல்கள் குறுக்காக நிற்கும். முதல் குண்டுகள் அவற்றின் மீது உரசும்போது செப்பு சுரண்டப்பட்டு, சூடான வாயுவுடன் சென்று குழலின் முன்பகுதியில் படிகிறது. சில சூடுகளுக்குள் அந்தக் கீறல்கள் மழுங்கிவிடும். அதுவரை படியும் செப்பை அவ்வப்போது நீக்குவதுதான் பழக்குதலின் நோக்கம். கையால் மெருகேற்றப்பட்ட விலை உயர்ந்த குழலுக்கும், உட்புறம் குரோமியம் பூசப்பட்ட குழலுக்கும் இது தேவையே இல்லை. சாதாரணத் தொழிற்சாலைக் குழலுக்கு ஓரளவு பயன் உண்டு.

எனது நடைமுறை எளிது. ஐந்து சூடுகள், ஒரு துடைப்பு, மீண்டும் ஐந்து, மீண்டும் ஒரு துடைப்பு, பிறகு பத்துக்கு ஒன்று என இரண்டு முறை. அவ்வளவுதான். அம்மோனியா கலந்த கரைப்பானைப் பயன்படுத்தினால் துணித்துண்டு நீலமாக வெளிவரும். ஒவ்வொரு முறையும் அந்த நீலம் வெளிறிக்கொண்டே போனால் குழல் அடங்கிவிட்டது என்று பொருள். பித்தளை முனையுள்ள கம்பியைப் பயன்படுத்தினால் அந்த முனையே கரைந்து நீலம் காட்டும் என்பதால், பிளாஸ்டிக் அல்லது நிக்கல் பூசிய முனையை வைத்துக்கொள்ளுங்கள். ஐயா அஞ்சும் முன்வாய்த் தேய்மானத்தைத் தவிர்க்க, வாயில் பொருந்தும் வழிகாட்டிக் குமிழ் ஒன்றை மாட்டிக்கொண்டால் போதும், அல்லது பின்பக்கத்திலிருந்து இழுக்கும் கயிற்றுத் துடைப்பானைப் பயன்படுத்தலாம்.

மேசைவிளக்கு

மொத்தம் நான்கு துடைப்புகள், வழிகாட்டியுடன் என்றால் எனக்கு மறுப்பில்லை. நான் எதிர்ப்பது அளவுமீறிய துடைப்பை மட்டுமே.

மலைச்சரிவு

குழலைப் பற்றி அறிந்தவர்கள் பேசிவிட்டார்கள். போல்ட் ஆக்‌ஷனிலிருந்து செமி ஆட்டோமேட்டிக்குக்கு மாறியவன் என்பதால், கருவியைவிட முதலில் பழக்க வேண்டியது நம் கையையும் மனத்தையும்தான் என்பதை வலியுறுத்த விரும்புகிறேன்.

உங்கள் பழைய துப்பாக்கியில் ஒரு சூட்டுக்குப் பிறகு, நீங்கள் போல்ட்டை இயக்கும்வரை சேம்பரில் காலி உறைதான் இருக்கும். பன்னிரண்டு ஆண்டுகளாக உங்கள் உடல் அதையே நம்பிப் பழகியிருக்கிறது. புதிய துப்பாக்கியிலோ, சுட்ட ஒலி அடங்கும் முன்பே அடுத்த தோட்டா ஏறி, சுத்தியல் விறைத்து, சுடத் தயாராக நிற்கிறது. விலங்கு விழுந்ததைக் கண்ட பரபரப்பில் எழுந்து நடக்கத் தொடங்கும் அந்த நொடிதான் மிகவும் ஆபத்தானது. எனது முதல் பருவத்தில், சேஃப்டியைப் போடாமல் பதினைந்து அடி நடந்துவிட்டு, உடன் வந்த என் மாமா உரக்கக் கூப்பிட்ட பின்னரே உணர்ந்தேன். அன்றிலிருந்து "சுட்டேன், சேஃப்டி, பிறகு பார்வை" என்ற வரிசையைச் சுடுதளத்தில் ஒவ்வொரு சூட்டுக்கும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். காலித் துப்பாக்கியுடனும் போலித் தோட்டாக்களுடனும் வீட்டிலேயே இதைப் பயிலலாம்.

மற்றொன்று, போல்ட்டை மெதுவாகக் கையால் விட்டு மூடாதீர்கள். ஓசை கேட்கக் கூடாதே என்று காட்டில் பலரும் அப்படிச் செய்வார்கள். போல்ட் முழுமையாகச் சுழன்று பூட்டாமல் ஒரு மயிரிழை திறந்து நின்றுவிட்டால், தேவைப்படும் நேரத்தில் துப்பாக்கி சுடாது. ஓசையைப் பொருட்படுத்தாமல் முழு விசையுடன் விடுங்கள். ஓசை வேண்டாமென்றால், வேட்டையிடத்திற்கு வந்தவுடன், விலங்குகள் அருகில் வருவதற்கு வெகு முன்பே ஏற்றிவிடுங்கள்.

மேகசினில் எத்தனை தோட்டாக்கள் அனுமதிக்கப்படுகின்றன என்பதையும் பாருங்கள். சில நாடுகளில் வேட்டையில் செமி ஆட்டோமேட்டிக்கே கூடாது. ஜெர்மனியின் வேட்டைச் சட்டம் சேம்பரில் உள்ளதையும் சேர்த்து மூன்று தோட்டாக்களுக்கு மேல் ஏற்றிய செமி ஆட்டோமேட்டிக் நீள்துப்பாக்கியால் வேட்டை விலங்குகளைச் சுடுவதைத் தடுக்கிறது. நீங்கள் எங்கே வேட்டையாடுகிறீர்களோ அங்குள்ள சட்டமே கடைசிச் சொல்.

புதுக்குறி

அனைவருக்கும் நன்றி. அளவுகோல் அவர்கள் சொன்ன முறைப்படி தொடங்கி, இரண்டு நாட்களில் அறுபது தோட்டாக்கள் சுட்டேன். நீலம் மூன்றாவது துடைப்பிலேயே நன்றாக வெளிறிவிட்டது. ஆனால் இயக்கத்தில் கோளாறு தென்படுகிறது. அறுபதில் ஏழு முறை காலி உறை முழுமையாக வெளியேறாமல் போல்ட்டுக்கும் சேம்பருக்கும் இடையில் சிக்கியது. மேகசின் காலியான பிறகு போல்ட் பின்னால் நிற்க வேண்டிய இடத்திலும் நான்கு முறை நிற்கவில்லை. சுடுதளத்தில் இருந்த ஒருவர், வாயுவின் அளவை மாற்றும் பாகத்தை வாங்கிப் பொருத்தச் சொன்னார். வாங்கட்டுமா?

மேசைவிளக்கு

வாங்காதீர்கள். முதலில் சில கேள்விகளுக்கு விடை கூறுங்கள். ஒழுங்காக வெளியேறிய உறைகள் எவ்வளவு தூரத்தில் விழுந்தன? உறையின் விளிம்பில், உறையைப் பற்றி இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் கிழித்த தடம் உண்டா? ஏழு தடங்கல்களும் ஒரே வகைத் தோட்டாவிலா? நீங்கள் எங்கெங்கே எண்ணெய் இட்டீர்கள்?

இந்தக் கேள்விகளின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறருக்கும் பயன்படும். வாயு மிகையாக இருந்தால் போல்ட் அவசரமாகத் திறக்கும், சேம்பரில் அழுத்தம் முழுதும் தணியாத உறையை எக்ஸ்ட்ராக்டர் பலவந்தமாக இழுக்கும், உறையின் விளிம்பு வளையும் அல்லது கிழியும், உறைகள் வெகுதூரம் பறக்கும். வாயு போதாவிட்டால் போல்ட் முழுத்தொலைவு பின்வாங்காது, உறைகள் காலடியிலேயே விழும், போல்ட் பின்னால் நிற்காது. உறை சேம்பரிலேயே இறுகி வெளிவராமல் இருந்தால் அது மூன்றாவது வகை. அங்கே சேம்பரின் அழுக்கையோ சொரசொரப்பையோ பார்க்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. காலி உறைகளைப் பொறுக்கிப் பார்க்காமல் நோயைச் சொல்ல முடியாது.

புதுக்குறி

உறைகள் என் வலக்கால் அருகிலேயே, ஒரு மீட்டருக்குள் விழுந்தன. விளிம்பில் தடம் ஏதும் இல்லை. ஏழில் ஆறு தடங்கல்கள், பயிற்சிக்காக வாங்கிய மென்மையான 125 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் அலகு) தோட்டாக்களில் நிகழ்ந்தன. 165 கிரெயின் வேட்டைத் தோட்டாவில் ஒன்றுதான். எண்ணெயைப் பொறுத்தவரை, போல்ட் தடங்களில் மெல்லியதாகவும், பிஸ்டனிலும் அதன் உருளையிலும் சற்றுத் தாராளமாகவும் இட்டேன்.

மேசைவிளக்கு

விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது. அந்த மென்மையான தோட்டாக்கள் உதைப்பைக் குறைப்பதற்காகவே குறைந்த வெடிமருந்துடன் செய்யப்படுகின்றன, போல்ட் ஆக்‌ஷனுக்கு ஏற்றவை. வாயுத் துளைக்குக் குண்டு வந்து சேரும்போது அங்கே போதிய அழுத்தம் இருக்காது. அதோடு, பிஸ்டனில் இட்ட எண்ணெய் சூட்டில் கருகிக் கரியாக மாறி, வாயுவின் வலிமையை மேலும் விழுங்குகிறது. உங்களுடையது போன்ற பெரும்பாலான பிஸ்டன் துப்பாக்கிகளில் பிஸ்டனும் உருளையும் உலர்ந்தே இருக்க வேண்டும், கையேட்டிலும் அவ்வாறே இருக்கும். பாருங்கள்.

பிஸ்டனைக் கழற்றி, கரைப்பானில் ஊறவைத்து, நைலான் தூரிகையால் கரியை நீக்கி, உலர்த்தி மாட்டுங்கள். உலோகத்தைச் சுரண்டாதீர்கள். முழுவலிமைத் தோட்டாக்களை மட்டும் நூறு சுடுங்கள். வாயு பாகத்தைப் பற்றி அதன்பின் பேசுவோம்.

அளவுகோல்

இந்த இடைவேளையில் ஸ்கோப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் உறுத்தியது அந்த 4-16x50 தான். செமி ஆட்டோமேட்டிக்கின் சிறப்பு, கண்ணை விலக்காமல் இரண்டாவது சூட்டை விரைவாக வைக்க இயலும் என்பது. அதற்கு அகன்ற பார்வைப்புலம் வேண்டும். நான்கு மடங்கிற்குக் கீழே இறங்காத ஸ்கோப்பில், முப்பது மீட்டரில் எழும் காட்டுப்பன்றி ஒரு கருந்திட்டாகத்தான் தெரியும். 1-6 அல்லது 2-7 போதும். முன்னூறு மீட்டருக்கு அப்பால் சுடுவது உங்கள் வழக்கமானால் 3-9x40 எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது மில்லிமீட்டர் முன்வில்லைக்காக ஸ்கோப்பை உயர்த்தி மாட்டினால் கன்னம் கட்டையில் படியாது. கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படியாதவருக்கு எந்த ஸ்கோப்பும் பயன்படாது.

மாட்டும்போது, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்குரூ டிரைவரைப் பயன்படுத்துங்கள். வளையத் திருகுகளுக்குப் பொதுவாக 15 முதல் 18 இன்ச் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் போதும். தயாரிப்பாளர் வேறு அளவு குறித்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். கையளவில் இறுக்குபவர்கள் ஒன்று ஸ்கோப் குழாயை நசுக்குகிறார்கள், அல்லது ஐம்பதாவது சூட்டில் திருகு தளர்ந்து, குழலைக் குறை சொல்கிறார்கள். குறி சிதறுகிறது என்று என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தளர்ந்த திருகுதான் காரணம்.

மெல்லோசை

மசில் பிரேக் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். பிரேக் பொருத்திய துப்பாக்கியுடன் பல பருவங்கள் வேட்டையாடினேன், பல சூடுகளில் காதுகாப்பு இல்லாமல். இன்று என் வலது காதில் இடைவிடாத இரைச்சல் உள்ளது. என் பேத்தியின் குரல் இடப்பக்கமிருந்து வந்தால்தான் தெளிவாகக் கேட்கிறது. ஒரே ஒரு சூடுகூடச் செவியைக் கெடுக்கக்கூடிய எல்லையாக 140 டெசிபெலைக் கொள்கிறார்கள். வேட்டைத் துப்பாக்கியின் ஓசை பிரேக் இல்லாமலேயே 150 டெசிபெலைத் தாண்டும். பிரேக் அந்த வெடிப்பைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும், சுடுபவரின் செவிக்கும் அருகில் நிற்பவரின் செவிக்கும் திருப்பிவிடுகிறது.

வாயுவால் இயங்கும் துப்பாக்கி உதைப்பைச் சற்று நீட்டித்து மென்மையாக்குவதால், .308-க்குப் பிரேக் தேவையில்லை. நல்ல ரப்பர் உதைப்புத் தடுப்பான் ஒன்று போதும். அந்தப் பணத்தில், மெல்லிய ஓசையைக் கேட்கவிட்டு வெடியோசையைத் தடுக்கும் மின்னணுக் காதுகாப்பு ஒன்றை வாங்குங்கள். இந்த இழையில் என் பேச்சை ஒருவர் கேட்டாலும் போதும்.

புதுக்குறி

மெல்லோசை ஐயா, காதுகாப்பை நேற்றே வாங்கிவிட்டேன், பிரேக்கைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

மேசைவிளக்கு ஐயா, பிஸ்டனைக் கழற்றியபோது அதன் முகப்பில் கறுத்த பிசின் போன்ற படலம் இருந்தது. நீக்கி, உலர்த்தி மாட்டியபின் 110 தோட்டாக்கள் சுட்டேன், அனைத்தும் 150 அல்லது 165 கிரெயின் முழுவலிமைத் தோட்டாக்கள். ஒரு தடங்கல்கூட இல்லை. உறைகள் இரண்டரை மீட்டர் தொலைவில், ஏறக்குறைய ஒரே இடத்தில் குவிகின்றன. ஆனால் டிரிகர் உண்மையிலேயே கனமாக இருக்கிறது. அளந்ததில் 3.2 கிலோ. காணொளி ஒன்றில், சுத்தியலைப் பிடித்து வைத்திருக்கும் சியர் என்னும் பாகத்தை மெல்லிய கல்லால் தேய்த்து இலகுவாக்குகிறார்கள். அதை நானே செய்யலாமா?

மேசைவிளக்கு

கூடாது. இந்த இழையில் நான் எழுதியவற்றுள் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

செமி ஆட்டோமேட்டிக்கில் நீங்கள் டிரிகரை இழுத்தபடியே இருக்கும்போதே போல்ட் ஒரு சுற்று முடித்துவிடுகிறது. அப்போது விறைத்த சுத்தியலை டிஸ்கனெக்டர் என்னும் பாகம் பிடித்து நிறுத்துகிறது. நீங்கள் விரலைத் தளர்த்தும்போது அது சுத்தியலைச் சியரிடம் ஒப்படைக்கிறது. இந்தக் கைமாற்றம் மிகச் சிறிய கோணங்களிலும் மெல்லிய கடினப் பரப்பிலும் நிற்கிறது. கல்லால் தேய்த்தால் அந்தப் பரப்பு போய்விடும், சில நூறு சூடுகளில் உள்ளிருக்கும் மென்மையான உலோகம் தேயும். ஒருநாள் ஒரே இழுப்பில் இரண்டு தோட்டாக்கள் வெடிக்கும், அல்லது போல்ட் மூடும் அதிர்விலேயே சுத்தியல் விழும். அது ஆபத்து மட்டுமல்ல, பல இடங்களில் கடுமையான சட்டச் சிக்கலும்கூட.

இலகுவாக வேண்டுமென்றால், அந்த மாடலுக்கென்றே செய்யப்பட்ட முழு டிரிகர் தொகுதியைத் தகுதியுள்ள கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்துப் பொருத்துங்கள். வேட்டைக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் போதும், குளிரிலும் கையுறையுடனும் சுட வேண்டியிருக்கும். பொருத்திய பின், காலித் துப்பாக்கியில் இதைச் சோதியுங்கள்: டிரிகரை இழுத்துப் பிடித்தபடியே போல்ட்டைப் பின்னிழுத்து விடுங்கள். சுத்தியல் விழக் கூடாது. பிறகு டிரிகரை மெல்ல விடுங்கள். ஒரு சிறு சொடுக்கு கேட்க வேண்டும், சுத்தியல் விறைத்தே நிற்க வேண்டும். பத்து முறை செய்யுங்கள். ஒருமுறை தவறினாலும் அந்தத் துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றாதீர்கள்.

மலைச்சரிவு

ஐயாவின் பதிலுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். மாலையில் இறக்கிய தோட்டாவையே மறுநாள் காலையிலும் ஏற்றுவது பலரின் வழக்கம். போல்ட் முழு விசையுடன் மூடும்போதெல்லாம் குண்டு உறைக்குள் சிறிது சிறிதாகப் பின்வாங்கக்கூடும், அது அழுத்தத்தைக் கூட்டும். மிதக்கும் ஃபயரிங் பின் (சுருளால் பிடிக்கப்படாத சுடும் ஊசி) உள்ள துப்பாக்கிகளில், தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரின் மீதும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பள்ளம் விழும். இரண்டு முறை ஏறிய தோட்டாவைத் தனியே வைத்து, சுடுதளத்தில் சுட்டுத் தீர்த்துவிடுங்கள்.

புதுக்குறி

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். டிரிகரை இப்போதைக்கு அப்படியே விட்டுவிட்டேன். இருநூறைத் தாண்டியபின் அதே டிரிகர் 2.9 கிலோவில் நிற்கிறது, இழுப்பும் மென்மையாகிவிட்டது. பாலிமர் கட்டை எண்ணத்தையும் கைவிட்டேன். வாங்கியது 2-7 ஸ்கோப், அதற்குரிய வளையங்கள், ஒரு தோல் வார், ரப்பர் தடுப்பான் ஆகியவை மட்டும்.

165 கிரெயின் தோட்டாவில் 100 மீட்டரில் மூன்று சூடுகள் 4.5 சென்டிமீட்டருக்குள் விழுகின்றன. தொடர்ந்து ஆறு சுட்டால், குழல் சூடேறி, ஏழு சென்டிமீட்டராக விரிகிறது, ஆறவிட்டால் மீள்கிறது. 100 மீட்டரில் குண்டு நான்கு சென்டிமீட்டர் மேலே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்திருக்கிறேன். துடைத்தபின் முதல் குண்டு மட்டும் மூன்று சென்டிமீட்டர் இடப்பக்கம் விலகுகிறது. இது கோளாறா?

அளவுகோல்

கோளாறு அல்ல. துடைத்த குழலில் முதல் குண்டு விலகுவது இயல்பு. பருவம் தொடங்கும் முன் கடைசியாகத் துடைத்தபின் சுடுதளத்தில் மூன்று தோட்டாக்களைச் சுட்டுவிட்டு, அதன்பின் ஈரம் படாதவரை பருவம் முடியும்வரை குழலின் உட்புறத்தைத் துடைக்காதீர்கள். மழையில் நனைந்தால் உலர்த்தி, மெல்லிய எண்ணெய் இட்டு, வேட்டைக்கு முன் அந்த எண்ணெயை உலர்ந்த துணியால் எடுத்துவிட்டு, மறுபடியும் மூன்று சூடுகள் சுட்டுக்கொள்ளுங்கள்.